ஒரே ஒரு நாள் ‘கரண்ட்’: அம்மாவின் இடுப்பு வலிக்குக் கிடைத்த கதிர்வீச்சு

அம்மாவுக்கு இடது இடுப்பெலும்பில் வலி தொடங்கி ஐந்தாவது மாதம்தான் நாங்கள் கதிர்வீச்சு அறைக்குள் போனோம். சிகிச்சை மொத்தமே ஒரு நாள். மேசையில் அவள் படுத்திருந்தது சுமார் பதினைந்து நிமிடம். அதில் இயந்திரம் கதிரைப் பாய்ச்சிய நேரம் இரண்டு மூன்று நிமிடம் இருக்கலாம். அந்தச் சில நிமிடங்களுக்காக ஐந்து மாதம் அவள் தூங்காமல் கிடந்திருக்க வேண்டியதில்லை. வேறு யாரும் அப்படிக் கிடக்கக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

அம்மாவுக்கு அறுபத்தேழு வயது. ஆறு வருடத்துக்கு முன் மார்பகப் புற்றுநோய் வந்து, அறுவைச் சிகிச்சை, கீமோ, அதன் பிறகு 25 நாள் கதிர்வீச்சு என்று எல்லாம் முடித்து நன்றாகத்தான் இருந்தாள். பிறகு எலும்புக்குப் பரவியது. மார்பகம், புராஸ்டேட், நுரையீரல், சிறுநீரகம், தைராய்டு ஆகியவற்றில் வரும் புற்றுநோய்கள் எலும்பைத் தேடிப் போகக்கூடியவை என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. முதலில் மூட்டுவலி என்று நினைத்துத் தைலம் தேய்த்துவிட்டோம். பகலை விட ராத்திரியில் அதிகமாக வலித்தது, படுத்தாலும் குறையவில்லை. அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

எங்கள் தாமதத்துக்கு இரண்டு காரணங்கள். ஒன்று, ‘கரண்ட் வைக்கணும்’ என்ற சொல். ஆறு வருடத்துக்கு முந்தைய அந்த 25 நாளை அம்மா மறக்கவே இல்லை. தினமும் அலைச்சல், மார்புத் தோல் கறுத்து உரிந்தது, களைப்பு. மறுபடி அந்தப் பேச்சை எடுத்ததுமே, “இன்னொரு தடவை என்னால முடியாதுடி, என்னை விட்டுடு” என்றாள். நோயை ஒழிப்பதற்காகக் கொடுக்கும் கதிர்வீச்சும் வலியைத் தணிப்பதற்காகக் கொடுக்கும் கதிர்வீச்சும் ஒன்றல்ல என்று அவளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அன்று மார்புக்குக் கொடுத்தது 25 தவணையாக 50 கிரே (உடம்பு வாங்கும் கதிரை அளக்கும் அலகு அது). இப்போது இடுப்புக்குத் தேவைப்பட்டது ஒரே தவணையில் 8 கிரே. அளவும் வேறு, பக்கவிளைவும் வேறு, எதற்காகச் செய்கிறோம் என்பதும் வேறு.

இரண்டாவது காரணம், நாங்கள் முதலில் போன மருத்துவமனை. பெயர் வேண்டாம். அங்கே பத்து நாள் வந்து போக வேண்டும் என்றார்கள். காரில் ஏற்றி உட்கார வைப்பதற்குள் அம்மா கண்ணில் தண்ணீர் முட்டிவிடும். வேகத்தடையில் வண்டி ஏறி இறங்கும்போது என் கையைப் பிடித்திருந்த அவள் நகம் பதிந்துவிடும். பத்து நாள் போக, பத்து நாள் வர என்றால் இருபது பயணம். “வேண்டாம்” என்று திரும்பிவிட்டோம். ஒரே நாளில் முடிக்கும் வழியும் இருக்கிறது என்று அங்கே ஒருவரும் சொல்லவில்லை. அந்த மௌனத்தை என்னால் இன்னும் மன்னிக்க முடியவில்லை.

மூன்று மாதம் கழித்து, மார்ஃபின் அளவைக் கூட்டுவதற்காக ஒரு வலித் தணிப்பு மருத்துவரைப் பார்க்கப் போனோம். பழைய சீட்டுகளைப் புரட்டிப் பார்த்துவிட்டு அவர் கேட்ட முதல் கேள்வி: “ஒரே தடவை கொடுக்கிற ரேடியேஷன் பத்தி யாரும் சொல்லலையா?” அம்மா பக்கம் திரும்பி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். “அம்மா, இது நோயைக் குணமாக்காது. அதை நான் மறைக்க மாட்டேன். ஆனா இந்த இடுப்பு வலியைக் குறைச்சு ராத்திரி உங்களைத் தூங்க வைக்க வாய்ப்பு நிறைய இருக்கு.”

“அது போதும் டாக்டர்,” என்றாள் அம்மா. ஐந்து மாதத்தில் அவள் உடனே சரி என்று தலையாட்டிய முதல் சிகிச்சை இதுதான்.

குறைவாகக் கொடுத்தால் குறைவாகத்தானே பலிக்கும் என்று எனக்குள் ஒரு பயம் இருந்தது. ஏதோ கைவிட்டுவிட்டு ஒப்புக்குக் கொடுக்கிறார்களோ என்றும் தோன்றியது. வீட்டுக்கு வந்து தேடிப் படித்தேன். நெதர்லாந்தில் 1171 நோயாளிகளை வைத்து ஒரு பெரிய ஆய்வு நடத்தி 1999-இல் வெளியிட்டிருக்கிறார்கள். ஒரு பாதிப் பேருக்கு ஒரே தடவை 8 கிரே, மறு பாதிப் பேருக்கு 4 கிரே வீதம் ஆறு தடவை. வலி குறைந்ததில் இரண்டு பக்கமும் வித்தியாசம் இல்லை. 2005-இல் வெளியான அமெரிக்க ஆய்வில் மார்பக, புராஸ்டேட் புற்றுநோய் உள்ளவர்கள் 898 பேர். ஒரு தடவை 8 கிரே கொடுத்தாலும், பத்து தடவையாக 30 கிரே கொடுத்தாலும், மூன்று மாதத்தில் மூன்றில் இரண்டு பேருக்கு வலி குறைந்திருக்கிறது. ஒரு தடவை வாங்கியவர்களுக்குப் பக்கவிளைவு இன்னும் குறைவு. ஆனால் அதே இடத்தில் மறுபடி கதிர்வீச்சு தேவைப்பட்டவர்கள் ஒரு தடவை வாங்கியவர்களில் 18 சதவீதம், பத்து தடவை வாங்கியவர்களில் 9 சதவீதம். ஆக, ஒரே தடவையில் முடிப்பதற்கு நாம் தரும் விலை, பின்னால் இன்னொரு தடவை வர வேண்டியிருக்கலாம் என்பதுதான். அம்மாவின் நிலையில் அது பெரிய விலையே இல்லை. பத்து நாளா ஒரு நாளா என்று எங்களை உட்கார வைத்துக் கேட்டிருந்தால் ஒரு நொடியில் பதில் சொல்லியிருப்போம்.

நேராகக் கொண்டுபோய்ப் படுக்க வைத்துவிடவில்லை. கதிர்வீச்சு மருத்துவர் முதலில் எக்ஸ்ரேயில் தொடை எலும்பின் மேல்பகுதியைக் கூர்ந்து பார்த்தார். எலும்பு முறியும் அளவுக்கு அரித்திருந்தால் முதலில் எலும்பு மருத்துவர் உள்ளே கம்பி வைத்துத் தாங்கு கொடுக்க வேண்டும், கதிர்வீச்சு அதற்குப் பிறகுதான். வலியைக் கதிர் குறைக்கும், ஆனால் பலவீனமான எலும்பை அன்றைக்கே உறுதியாக்கிவிடாது. அம்மாவுக்கு நோய் இடுப்பெலும்பில்தான் இருந்தது, தொடை தப்பியிருந்தது.

பிறகு சிமுலேஷன். கதிர் எந்த இடத்தில், எந்தக் கோணத்தில் விழ வேண்டும் என்று சி.டி. ஸ்கேன் எடுத்துக் குறித்துக்கொள்ளும் வேலை. இந்தப் பயணத்திலேயே மோசமான அரை மணி நேரம் இதுதான். மேசை கட்டையாக, மெத்தை இல்லாமல் இருந்தது. கதிர் ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் விழ வேண்டுமென்றால் மேசை அமுங்கக் கூடாது, அது எனக்குப் புரிகிறது. ஆனால் வீங்கி வலிக்கும் இடுப்பை அந்தக் கட்டையில் கிடத்தப் போகிறோம், வீட்டிலிருந்து கிளம்பும்போது அல்ல, மேசையில் ஏறுவதற்கு முக்கால் மணி நேரத்துக்கு முன் ஒரு மார்ஃபின் மாத்திரை கொடுங்கள் என்று முந்தின நாளே ஒரு வரி சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. காலை ஏழு மணிக்குக் கொடுத்த மாத்திரையின் பலன் காத்திருப்பு வரிசையிலேயே கரைந்துவிட்டது. அம்மா உதட்டைக் கடித்துக்கொண்டு அசையாமல் படுத்திருந்தாள். தோலில் மையால் கூட்டல் குறி போட்ட பெண் அதைப் பார்த்துவிட்டு, ஒரு போர்வையை மடித்து முழங்காலுக்கு அடியில் கொடுத்தாள். ஒரு மடித்த போர்வையால் அத்தனை வித்தியாசம். அந்தப் பெண்ணுக்கு இன்றுவரை மனதுக்குள் நன்றி சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

இரண்டு நாள் கழித்துச் சிகிச்சை. லீனியர் ஆக்ஸிலரேட்டர் என்ற அந்தப் பெரிய இயந்திரம் ஆளைத் தொடுவதே இல்லை. தலை மட்டும் சுற்றி வரும், லேசாக ரீங்காரம் கேட்கும். அறையில் நோயாளி தனியாக இருக்க வேண்டும். வெளியிலிருந்து கேமராவில் பார்க்கிறார்கள், மைக்கில் பேசுகிறார்கள். “அம்மா, இன்னும் ஒரு நிமிஷம்தான், நல்லா இருக்கீங்க” என்று ஒரு குரல் கேட்டுக்கொண்டே இருந்ததாம். வெளியே வந்ததும் அம்மா கேட்டது, “இனிமே பேரனை மடியில வச்சுக்கலாமா?” தாராளமாக வைத்துக்கொள்ளலாம். வெளியிலிருந்து பாய்ச்சும் கதிர் உடம்பில் தங்காது, இயந்திரம் நின்றதுமே முடிந்துவிடும். யாரிடமிருந்தும் ஒதுங்கி இருக்க வேண்டியதில்லை. நாங்கள் கேட்டதால் தெரிந்தது. கேட்காமல் பயந்து பேரப்பிள்ளைகளைத் தள்ளி நிறுத்தும் வீடுகள் எத்தனை இருக்கும் என்று நினைத்தால் மனது கனக்கிறது.

இடுப்பும் அடிவயிறும் கதிரின் பாதையில் இருந்ததால் வாந்தி வரலாம் என்று முன்கூட்டியே ஆன்டன்செட்ரான் மாத்திரை கொடுத்திருந்தார்கள். வாந்தி வரவில்லை. இரண்டு நாள் வயிறு இளகிப் போயிற்று. ஒரு வாரம் அசதி. தோலில் ஒன்றும் இல்லை.

இனி நான் அழுத்திச் சொல்ல வேண்டிய இடம். இரண்டாம் நாள் ராத்திரி வலி குறையவில்லை, கூடியது. நான் ஒரு நோட்டுப் புத்தகத்தில் தினமும் பத்துக்கு எத்தனை என்று வலியை எழுதி வருவேன். அன்று ராத்திரி ஒன்பது. சிகிச்சைக்கு முன்னால்கூட எட்டைத் தாண்டியதில்லை. அம்மா, “ஏண்டி என்னை அங்க கூட்டிட்டுப் போனே” என்று கேட்டாள். என் வாழ்நாளில் அவள் என்னிடம் அப்படிக் கேட்டது அந்த ஒரு தடவைதான். கெடுத்துவிட்டோம் என்று நினைத்து விடியும்வரை விழித்திருந்து போன் செய்தேன். எடுத்த நர்ஸ் அமைதியாகச் சொன்னார்: “இதுக்குப் பேரு பெயின் ஃப்ளேர் மேடம். கதிர் கொடுத்த முதல் சில நாள்ல எலும்பு வீங்கி வலி ஏறும். தானா இறங்கிடும். மார்ஃபின் டோஸ் கூட்டிக் கொடுங்க.” மூன்று பேரில் ஒருவருக்கு வரக்கூடிய ஒன்றை ஏன் முன்பே சொல்லவில்லை? கனடாவில் 298 பேரை வைத்து நடத்திய ஆய்வு 2015-இல் வெளியானது. சிகிச்சைக்கு முன்பும் அடுத்த நான்கு நாளும் 8 மில்லிகிராம் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்ததில், இந்த வலி ஏற்றம் 35 சதவீதத்திலிருந்து 26 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. அம்மாவுக்குச் சர்க்கரை உண்டு, அந்த மாத்திரை சர்க்கரையை ஏற்றும். அதனால் எல்லோருக்கும் கண்ணை மூடிக்கொண்டு கொடுப்பதில்லை. அதைப் பற்றி ஒரு பேச்சாவது நடந்திருக்க வேண்டும். மாத்திரை கொடுக்காவிட்டாலும் பரவாயில்லை, “வலி ஏறும், பயப்படாதீங்க” என்று சொல்லியிருந்தாலே அந்த ராத்திரி அம்மாவுக்கு வேறு மாதிரி கழிந்திருக்கும்.

நோட்டில் அதற்குப் பிறகு இப்படி இருக்கிறது. நான்காம் நாள் ஏழு. ஆறாம் நாள் ஆறு. ஒன்பதாம் நாள், எண்ணுக்குப் பதிலாக “இடது பக்கம் திரும்பிப் படுத்தாள்” என்று எழுதியிருக்கிறேன். அவள் சிறு வயதிலிருந்தே இடது பக்கமாகத்தான் தூங்குவாள். ஐந்து மாதமாக மல்லாந்தே கிடந்தவள், நான் அறைக்குள் எட்டிப் பார்த்தபோது சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்து, கையைக் கன்னத்துக்கு அடியில் வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

பதினாறாம் நாள், ஒரு நாளைக்கு ஐந்து தடவை கொடுத்துவந்த கூடுதல் மார்ஃபின் ஒரு தடவையாகக் குறைந்தது. நான்காவது வாரம் வலி மூன்று. முழுதாகப் போகவில்லை. முழுதாகப் போவது பலருக்கு நடப்பதில்லை, ஓரளவு குறைவதுதான் அதிகம். சிலருக்கு ஒன்றுமே குறையாமலும் போகலாம். பலன் தெரிய ஒன்றிலிருந்து நான்கு வாரம் பொறுக்க வேண்டும். பொறுக்க நேரம் இருப்பவர்களுக்கே இது. நாட்களில் எண்ணும் நிலையில் உள்ளவரை அந்தக் கட்டை மேசைக்கு அலைக்கழிப்பது சரியில்லை என்று அந்த வலித் தணிப்பு மருத்துவரே சொன்னார். வலி குறைந்ததும் மார்ஃபினை நாமாகச் சட்டென்று நிறுத்தக் கூடாது. மருத்துவர் சொன்னபடி படிப்படியாகத்தான் இறக்கினோம்.

இவ்வளவு கொஞ்சமான கதிரால் எப்படி வலி குறைகிறது என்று அவரிடம் கேட்டேன். கட்டி சுருங்குவதற்கு முன்பே வலி குறையத் தொடங்குவதுண்டு என்றார். புற்றுநோய் எலும்புக்குள் புகுந்தால், எலும்பைத் தின்னும் உடம்பின் சொந்தச் செல்களையே உசுப்பிவிடுகிறது. அவை எலும்பை அரிக்கின்றன, வலியைத் தூண்டும் வேதிப்பொருட்கள் அங்கே ஊறுகின்றன. அந்தக் கூட்டத்தைக் கதிர் அடக்குகிறது. அரித்த இடத்தில் எலும்பு மறுபடி கெட்டிப்பட மாதக்கணக்கில் ஆகும்.

பெரியப்பாவுக்கு வேறு மாதிரி. நுரையீரல் புற்று, இருமினால் ரத்தம். கைக்குட்டையை யாரும் பார்க்காமல் மடித்து வைத்துக்கொள்வார். அவருக்கு ஒரு வார இடைவெளியில் இரண்டே தடவை, மொத்தம் 17 கிரே. 1991-இலேயே பிரிட்டனில் இந்த இரண்டு தடவை முறையைப் பத்து தடவையாக 30 கிரே கொடுப்பதோடு ஒப்பிட்டுப் பார்த்து, ரத்தம், இருமல், நெஞ்சுவலி குறைவதில் இதுவும் சமம் என்று கண்டிருக்கிறார்கள். பெரியப்பாவுக்கு ரத்தம் நின்றது. நாலைந்து நாள் விழுங்கும்போது தொண்டை எரிந்தது. சிறுநீர்ப்பையிலோ கர்ப்பப்பையிலோ ரத்தம் கசிந்தாலும், மார்பில் புண் உடைந்து வடிந்தாலும், உணவுக்குழாய் அடைத்தாலும் கதிரைப் பயன்படுத்துகிறார்கள். வலிக்கு மட்டும்தான் என்று நான் நினைத்திருந்தது தவறு.

எல்லா இடத்திலும் இதே பலன் இருக்காது. தோழியின் அப்பாவுக்கு நுரையீரலிலிருந்து மூளைக்குப் பல இடங்களில் பரவியிருந்தது, படுத்த படுக்கை. முழு மூளைக்கும் கதிர் கொடுக்கலாமா என்று குடும்பம் கேட்டபோது மருத்துவரே வேண்டாம் என்றார். இப்படிப்பட்ட 538 நோயாளிகளை வைத்து நடத்தி 2016-இல் வெளியான ஆய்வில், மருந்தோடு கதிரும் கொடுத்ததால் வாழும் நாளும் பெரிதாகக் கூடவில்லை, வாழ்வின் தரமும் கூடவில்லை. ‘வேண்டாம்’ என்று காரணத்தோடு சொல்லத் தெரிந்தவர் கொடுக்கும் சிகிச்சையைத்தான் நான் நம்புவேன்.

அம்மாவை வீட்டுக்கு அனுப்பும்போது ஒரு தாளில் எழுதிக் கொடுத்ததை இங்கேயும் எழுதிவிடுகிறேன். எலும்புக்குப் பரவியவருக்கு முதுகில் புதிதாக வலி வந்தால், அல்லது பட்டை கட்டியது போல விலாவைச் சுற்றி வலித்தால், கால் பலமிழந்தால், மரத்துப்போனால், சிறுநீர் வராமல் நின்றால் அல்லது தெரியாமல் போனால், மறுநாள் காலை வரை காத்திருக்கக் கூடாது. தண்டுவடம் நசுங்கிக்கொண்டிருக்கலாம். ஸ்டீராய்டும், அறுவைச் சிகிச்சையோ கதிர்வீச்சோ அவசரமாக வேண்டும். கால் நடந்துகொண்டிருக்கும்போதே போனால் நடையைக் காப்பாற்றலாம். முழுதாகச் செயலிழந்த பிறகு போனால் நடை திரும்புவது அரிது. அந்தத் தாளை ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்தேன்.

ஐந்து மாதம் கழித்து அதே இடுப்பில் வலி திரும்பியது. அதே இடத்தில் மறுபடி கொடுக்க முடியாது என்று நினைத்துச் சோர்ந்து போனோம். முடியும். குறைந்தது நான்கு வாரம் இடைவெளி இருக்க வேண்டும். இரண்டாவது தடவைக்கும் ஒரே நாள் போதுமா என்று 850 பேரை வைத்துப் பார்த்திருக்கிறார்கள். 2014-இல் வெளியான அந்த ஆய்வில், ஒரு தடவை 8 கிரே என்பது பல தடவையாக 20 கிரே கொடுப்பதற்குக் குறைவில்லை என்று தெரிந்தது.

இந்த முறை நாங்கள் தயாராகப் போனோம். முக்கால் மணி நேரம் முன்னதாக மார்ஃபின். முழங்காலுக்கு வீட்டுத் தலையணை. டெக்ஸாமெத்தசோன் வேண்டுமா என்று நானே கேட்டேன். சர்க்கரையை நாளுக்கு நான்கு முறை பார்க்க ஒப்புக்கொண்டதும் கொடுத்தார்கள். சிமுலேஷனையும் சிகிச்சையையும் ஒரே நாளில் முடித்துத் தர முடியுமா என்றும் கேட்டேன். காலையில் ஸ்கேன், மாலையில் கதிர் என்று முடித்துக் கொடுத்தார்கள். கேட்டால் கிடைக்கிறது, கேட்கத் தெரிந்திருக்க வேண்டியிருக்கிறது. வலி ஏற்றம் வரவில்லை. பலன் முதல் தடவை அளவுக்கு இல்லை. எட்டிலிருந்து ஐந்துக்கு வந்து நின்றது. மார்ஃபினைக் குறைக்க முடியவில்லை, ஆனால் கூட்டவும் வேண்டியிருக்கவில்லை.

அதற்குப் பிறகு அம்மா இரண்டு மாதம் இருந்தாள். கடைசி வாரம் கல்லீரல்தான் அவளைப் படுக்கையில் தள்ளியது, இடுப்பு அல்ல. உடம்பு துடைத்துவிடும்போது இடுப்பில் அந்த மைக் குறியின் ஒரு கோடு இன்னும் அழியாமல் இருந்தது. நோட்டின் கடைசிப் பக்கத்தில் எண் எதுவும் இல்லை. “இடது பக்கம்” என்று மட்டும் எழுதியிருக்கிறேன்.